காலி அறையின் சத்தம்

எங்கள் ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்கு ஆடி மாதம் ஒரு அப்டேட் வந்தது. அதற்குப் பிறகு, பதிவிலிருந்து ஒரு சத்தத்தைத் துடைத்தால் அது ஊரிலிருந்தும் போய்விடும்.

அப்டேட் முடிந்ததும் என்னென்ன புதிது என்று திரையில் வரும் இல்லையா, அதில் முதல் வசதியாக இதைத்தான் போட்டிருந்தார்கள். இரண்டாவது, துடைத்த சத்தத்தை வீணாக்காமல், சோர்ந்து கிடக்கிற ஏதாவது ஒரு பதிவில் அதுவே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மூன்றாவது, எழுத்தின் நிறத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் மூன்றாவதைத்தான் முதலில் செய்து பார்த்தேன். கத்திரிப்பூ நிறம் வைத்தேன். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

எங்கள் வீட்டு முன்னறைதான் ஸ்டூடியோ. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, ஜன்னலுக்கு ஒரு பழைய கம்பளியைத் தொங்கவிட்டிருக்கிறோம். என் வீட்டுக்காரர் சந்திரகுமார் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறார். கோயில் நோம்பி, கல்யாணம், காதுகுத்து என்று எது வந்தாலும் ஸ்பீக்கர் கட்டப் போய்விடுவார். ரெக்கார்டிங் என் பொறுப்பு. கும்பாபிஷேக அழைப்பு, கண்ணீர் அஞ்சலி, ஆடித் தள்ளுபடி, காணாமல் போன ஆட்டுக்குட்டி எல்லாம் என் கை வழியாகத்தான் ஊருக்குள் போகும். பின்னால் நாதஸ்வரம் வேண்டும் என்றால் அதையும் கீபோர்டில் வாசித்து வைத்துக் கொடுப்பேன்.

ஆனால் எங்கள் ஊர் தறி ஊர். இங்கே ரெக்கார்டிங் செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை. கரண்டு இருந்தால் தறி ஓடும், பேசுவது கேட்காது. கரண்டு போனால் ஊரே அமைதியாகிவிடும், ஆனால் பெரிய மைக் செத்துவிடும். அதனால் எப்போதும் காலி ரூம் எடுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்போம். காலி ரூம் என்றால், பேசுகிறவர் பேசுவதற்கு முன்னால், யாரும் எதுவும் சொல்லாமல் அந்த அறையைக் கொஞ்ச நேரம் அப்படியே பதிவு செய்வது. சாஃப்ட்வேர் அதைக் கேட்டு, இதெல்லாம் வேண்டாத சத்தம் என்று படித்துக்கொள்ளும். பிறகு பேச்சுக்கு அடியிலிருந்து அதை மட்டும் துடைத்து எடுத்துவிடும்.

அப்டேட் வந்த பிறகு முதலில் எங்கள் ஃபேன் சத்தம் போயிற்று. அடுத்தது பக்கத்துக் குடோனில் ஓடுகிற அர்த்தநாரி அண்ணனின் தறிச் சத்தம். மறுநாள் காலையில் அவரே வந்து நின்றார்.

"தறி ஓடுதா நிக்குதான்னே தெரியல அம்மிணி. நூல் அறுந்தாலும் காதுக்குத் தெரியல. ஒவ்வொண்ணா கைய வெச்சுப் பாத்துட்டு இருக்கறோம்" என்றார்.

தேடிப் பார்த்தேன். தறிச் சத்தம் ஒரு காதுகுத்து அழைப்பில் போய்ச் சேர்ந்திருந்தது. அழைப்பு நல்ல விறுவிறுப்பாக இருந்தது. அங்கிருந்து எடுக்கப் போனபோது திரையில் இரண்டு கட்டுப்பாடு வந்தது. எடுக்கிற இடத்தைக் காலியாக விடக்கூடாது, அதே நீளத்துக்கு வேறு ஒரு சத்தம் வைக்க வேண்டும். இன்னொன்று, ஊரின் கடைசி வீதியும் கேட்டு முடித்துவிட்ட சத்தம் திரும்பாது. அழைப்பு இன்னும் வீட்டைத் தாண்டவில்லை என்பதால் பிரச்சினை இல்லை. எங்கள் மிக்சியின் சத்தத்தை அந்த இடத்தில் வைத்துவிட்டுத் தறியை எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் மிக்சி சத்தமே இல்லாமல் அரைக்கிறது. அந்தக் காதுகுத்துக்குப் போனவர்கள் எல்லோரும் சட்னி ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

மாரப்பண்ணன் வந்தது அதற்குப் பிறகுதான். அவர் சின்ன லோடு ஆட்டோவில் வீதி வீதியாக வெங்காயம் விற்கிறவர். கூரை மேல் ஒரு கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருப்பார். பழைய அறிவிப்பை ஊர் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது, ஒருவரும் கதவைத் திறப்பதில்லை என்றார்.

"எங் கொரலக் கேட்டா எனக்கே தூக்கம் வருது அம்மிணி. புதுசா ஒண்ணு போட்டுக் குடு."

மைக் முன்னால் உட்காரவைத்து, "நான் சொல்ற வரைக்கும் பேசக்கூடாதுங்ணா" என்றேன். காலி ரூம் எடுத்தேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நானும் அசையாமல் நின்றேன். பக்கத்துக் குடோனில் அன்று தறி ஓடவில்லை, அறை நல்ல அமைதி. பிறகு அவர் பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், மலைப்பூண்டு என்று சொல்லி முடித்தார். துடைத்தேன். மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தேன். ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு என் வேலையெல்லாம் மளமளவென்று முடிந்தது. பாத்திரம் கழுவி, துணி அலசிக் காயப்போட்டு, பருப்பு கடைந்து, ஓர் அஞ்சலி அறிவிப்பையும் முடித்துவிட்டு நிமிர்ந்தால், வெயில் இன்னும் வாசற்படிக்கே வரவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ ஒன்று குறைகிறது. மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் வேலை இப்படி முடியாது.

மிதுளா என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அவள் அழவில்லை. கொஞ்சம் எரிச்சலில் இருந்தாள், அவ்வளவுதான். தம்ளரை எடுத்துத் தரையில் போட்டாள். தம்ளர் சத்தம் கணீரென்று வந்தது. வாயைத் திறந்தாள், வரவில்லை. தம்ளரைக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தாள், இதற்கு மட்டும் எப்படி என்கிற மாதிரி.

லேப்டாப்பைத் திறந்து காலையில் எடுத்த காலி ரூமைப் பார்த்தேன். ஏறக்குறைய நேர்கோடாக இருக்க வேண்டிய இடத்தில் குட்டிக் குட்டி மேடுகள், ஒரே அளவில், வரிசையாகப் போயிருந்தன. ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். "அம்மா, இங்க வா. அம்மா, இங்க வா." பின்னறையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் அங்கேதான் நின்றேன், என் காதும் அங்கேதான் இருந்தது. எனக்கு அது சத்தமாகவே படவில்லை. விடிந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் கேட்கிறதுதானே, ஃபேன் மாதிரி, தறி மாதிரி. சாஃப்ட்வேர் பாவம், நான் அமைதி என்று காட்டியதை அமைதி என்று படித்துக்கொண்டு, அவள் குரலை வேரோடு துடைத்திருந்தது. துடைத்ததைப் பக்கத்தில் கிடந்த சோர்ந்த பதிவில் சேர்த்தும் விட்டிருந்தது. அது மாரப்பண்ணனின் பதிவு.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் ஒரு கோயிலில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, பாப்பா கொரலு மாரப்பண்ணன் ஆட்டோவுல போயிருச்சுங்க."

"அன்டூ குடுத்துப் பாத்தியா?"

"கார்டுல ஏத்தியாச்சுங்க."

"அப்ப ஆட்டோவத்தான் புடிக்கோணும். கடைசி வீதிக்குப் போறதுக்குள்ள புடி. போயிருச்சுன்னா அது வெங்காயத்துக்கே சொந்தம்." யாரையோ ஒயரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு வந்தார். "மத்தியானம் சாப்புட வாறேன். அதுவரைக்கும் வேணா அப்படியே இருக்கட்டுமா? செத்த நேரம் தூங்கி எந்திரிப்பேன்."

"வாங்க, வாங்க. உங்க கொரட்டையத் தொடச்சு உட்டுட்டு மறுவேலை பாக்கறேன்."

"சரி சரி, நீ கெளம்பு" என்றார்.

லேப்டாப்பைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, மிதுளாவை ஸ்கூட்டியில் முன்னால் நிறுத்திக் கிளம்பினேன். ஆட்டோ போன வழியைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. அது போன வீதிகளில் எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது. பெண்கள் வாசலில் வெங்காயத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்திக்குத் தலையில் பாதிதான் எண்ணெய் வைத்திருந்தது. ஒருத்தி கையெல்லாம் மாவு. மகன் வேட்டி கட்டுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டவர்களும் நின்றார்கள், இன்னும் கல்யாணமே ஆகாத பெண் ஒருத்தியும் நின்றாள்.

எண்ணெய் வைத்த அக்காவிடம், "ஆட்டோ எந்தப் பக்கம் போச்சுங்க்கா?" என்று கேட்டேன்.

"சைசிங் மில் சந்துக்குள்ள திரும்புச்சு கண்ணு. நானும் அங்கதான் வாறேன், பூண்டு வாங்க மறந்துட்டேன். எம் பையன் துபாய்ல இருக்கறான். இருந்தாலும் அம்மான்னு கூப்புட்டா உள்ள உக்காந்துட்டு இருக்க முடியுமா? வந்தது வந்துட்டோம்னு ஒரு கூடை வாங்கீட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அவரும் கூட வந்தார்.

நூலுக்குக் கஞ்சி போடுகிற அந்தச் சைசிங் மில் சந்தில் ஆட்டோ நின்றிருந்தது. அதைத் தாண்டினால் ஆற்று வீதி. அதுதான் ஊருக்குக் கடைசி. கூம்பு ஸ்பீக்கர் சொல்லிக்கொண்டிருந்தது: பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், அம்மா இங்க வா, மலைப்பூண்டு. மிதுளா ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தாள். தன் கவுனை வேறொரு பிள்ளை போட்டிருந்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

"மாரப்பண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க. அது எங்கூட்டுப் பாப்பா கொரலு."

"தெரியுமே" என்றார் அவர், தராசைத் துடைத்துக்கொண்டே. "நீ காலி ரூம் எடுக்கறப்ப கூப்புட்டுட்டேதான இருந்துச்சு? நீ பாட்டுக்கு நின்னியா, சரி, இதும் உங்க தொழில் முறையாட்ட இருக்குதுன்னு நானும் மூச்சப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்ணா."

"பேசக்கூடாதுன்னு நீதான சொன்னே."

அதுவும் சரிதான்.

"அத எடுத்துக்கறனுங்ணா. கடைசி வீதி கேட்டுருச்சுன்னா எம் புள்ளைக்குப் பேச்சே வராது."

"தாராளமா எடுத்துக்கோ. புள்ளை கொரல வெச்சுப் பொழைக்கோணும்னு எனக்கென்ன தலையெழுத்து? ஆனா அந்த எடத்துல என்ன வெப்பே? பழைய கொரலுக்கு ஈ காக்கா வரல. இப்பப் பாரு, வண்டி பாதி காலி. ஒருத்தரும் வெலையே கேக்கல. எனக்கும் ஊட்ல ரெண்டு பேரு சோத்துக்கு நிக்கறாங்கல்ல?"

அவர் சொன்னது நியாயமாக இருந்தது. வெங்காய மூட்டை மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்து, கார்டை அதில் செருகி, ஸ்பீக்கரோடு ஒரு ஒயரால் இணைத்தேன். வைத்துப் பார்ப்பதில் ஒன்றும் ஆகாது, சரி என்று அழுத்தினால்தான் சத்தம் கைமாறும். முதலில் ஆட்டோவின் ஹாரனை வைத்துப் பார்த்தேன். ஒரு நாய் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. என் ஸ்கூட்டி கிளம்புகிற சத்தத்தை வைத்தேன். எதிர்வீட்டில் ஒருவர் எட்டிப் பார்த்து, ஸ்டாண்டை எடுத்துவிடச் சொல்லிவிட்டு உள்ளே போனார். எண்ணெய் அக்காவின் நாத்தனார் வீடு அந்தச் சந்தில்தான் இருந்தது. அந்த நாத்தனார் வெளியே வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"எங்க மாமியா மொனகறத எடுத்துக்க கண்ணு. எனக்கு ஒரு உபகாரமாப் போகும்."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "எடுத்துக்கட்டும், எடுத்துக்கட்டும். எங்கிட்ட வேற இருக்குது."

அதையும் வைத்துப் பார்த்தேன். சந்தில் திறந்திருந்த கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கடைசி வீடு வரைக்கும் கேட்டது.

"வேண்டாம் அம்மிணி" என்றார் மாரப்பண்ணன். "இது இருக்கறவங்களையும் தொரத்தீரும்."

அவர் போன் அடித்தது. ஆற்று வீதிக்காரர்கள் வெங்காயம் இன்னும் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். பக்கத்து வீதி வரைக்கும் கூப்பிடுகிற சத்தம் வந்ததாம், வாசலில் வந்து நிற்கிறார்களாம். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார்.

"காத்துட்டிருக்கறவங்கள எத்தன நேரம் நிக்க வெக்கறது? நான் மெதுவா உருட்டறேன், நீ பின்னாடியே பாத்துட்டு வா. திருப்பம் வரைக்கும் நேரம் இருக்குது."

ஆட்டோ நகர்ந்தது. நான் ஒரு கையால் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். அஞ்சலிக்கு வைத்த நாதஸ்வரத்தைப் போட்டேன், நீளம் பத்தவில்லை. கோயில் மணி, நீளம் அதிகம். திருப்பத்தில் இருக்கிற மின்கம்பம் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் கூடையோடு நிற்கிறவர்கள் கூடத் தெரிந்தார்கள். மிதுளா என் சேலையை இழுத்தாள். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இரு கண்ணு, வந்துட்டேன்" என்றேன்.

திரையில் குட்டியாக ஒரு மேட்டு வரிசை எழுந்தது. லேப்டாப்பின் மைக் திறந்தே இருந்திருக்கிறது. என் சொல்லை அதுவே எடுத்து, மிதுளாவின் குரலுக்கு மேல் வைத்துக் காட்டியது. மேட்டுக்கு மேடு, பள்ளத்துக்குப் பள்ளம், ஓர் இழைகூட வித்தியாசம் இல்லை. இருக்காதுதான். அவள் ஒவ்வொரு தடவை கூப்பிட்டதற்கும் நான் ஒவ்வொரு தடவை சொன்னது இது. ஒன்றோடு ஒன்று உரசி உரசி ஒரே அளவாகத் தேய்ந்திருக்கிறது.

கத்திரிப்பூ நிறத்தில், வைக்கலாமா என்று கேட்டது. சரி என்று அழுத்தினேன்.

"அம்மா, உச்சா" என்றாள் மிதுளா.

காலையிலிருந்து அதுதான் விஷயம் போலிருக்கிறது. வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயைத் திறந்தேன். வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. "மாரப்பண்ணா, முடிஞ்சுதுங்க" என்று சொல்லிப் பார்த்தேன், அது வந்தது. அந்த ஒன்றுதான் இல்லை. அதனால் லேப்டாப்பை மூட்டை மேலேயே விட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு மில் மதில் ஓரமாக ஓடினேன்.

திரும்பி வரும்போது ஆட்டோ ஆற்று வீதியில் போய்க்கொண்டிருந்தது. பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், இரு கண்ணு வந்துட்டேன், மலைப்பூண்டு. கூடையோடு நின்றவர்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, என்னவோ என்று உள்ளே போகத் திரும்பினார்கள். மாரப்பண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அப்போது வீடுகளுக்குள்ளிருந்து பிள்ளைகள் ஓடிவந்தார்கள். டிரவுசர் போட்டதும் போடாததும், எழுதிக்கொண்டிருந்த பென்சிலோடும், வாயில் பாதித் தோசையோடும். தங்கள் அம்மாவின் கையைப் பிடித்துத் தரதரவென்று ஆட்டோவிடம் இழுத்துக்கொண்டு வந்தார்கள். அம்மா அப்போது வீட்டில் இல்லாத பிள்ளைகள் அப்பாவை இழுத்து வந்தார்கள். பல் போன பெரியவர் ஒருவரும் சட்டை போடாமல் வேகமாக வந்து, ஸ்பீக்கருக்கு நேர் கீழே நின்று இரண்டு சுற்றுக் கேட்டுவிட்டு, கொஞ்சம் பூண்டு வாங்கிக்கொண்டு போனார்.

மாரப்பண்ணன் தராசைத் தூக்கி எனக்குக் காட்டினார், சரியாப் போச்சு என்கிற மாதிரி.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மிதுளா கூப்பிட்டால் எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. எழுந்து போக வேண்டியிருக்கிறது. பால் பொங்கி வழிகிறது. அறிவிப்புகள் தாமதமாகின்றன. போன வாரம் ஒரு ஆட்டுக்குட்டி, அதைக் காணவில்லை என்று நான் எடிட் செய்து முடிப்பதற்குள் தானாக வீடு வந்து சேர்ந்துவிட்டது. ஆட்டுக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை, பதிவை மட்டும் வாங்கிக்கொண்டு போனார், அடுத்த முறைக்கு ஆகும் என்று. பெரும்பாலும் போய்ப் பார்த்தால் மிதுளாவுக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. எறும்பு போகிறது பார் என்பாள். பார்த்துவிட்டு வருவேன்.

நேற்று மத்தியானம் நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் பாயில் படுத்திருந்த மிதுளா பாதித் தூக்கத்தில் கூப்பிட்டாள். "அம்மா, இங்க வா." ஆட்டோ அப்போது எங்கள் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. இரு கண்ணு, வந்துட்டேன் என்றது. நான் கையைக் கழுவிக்கொண்டு போவதற்குள் அது வந்துவிட்டது. வாசற்படியில் முன்சக்கரத்தை ஏற்றி, கதவில் பாதி நுழைந்து நின்றிருந்தது. மாரப்பண்ணன் உள்ளே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் ஹேண்டில ஒடிச்சுத் திருப்பல அம்மிணி. வந்துட்டேன்னு சொல்லீருச்சல்ல, அப்பறம் எப்படி வராம இருக்கும்? அந்தக் கதவையும் தொறந்து உடு, கண்ணாடி ஒரசுது."

இன்னொரு கதவையும் திறந்துவிட்டேன். ஆட்டோ முட்டை அட்டையில் இடிக்காமல் மெல்ல உள்ளே வந்து, பாய் ஓரமாக நின்று என்ஜினை அணைத்துக்கொண்டது. மிதுளா ஒரு கையால் என் விரலையும், இன்னொரு கையால் அதன் கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். மாரப்பண்ணன் சத்தம் போடாமல் இறங்கி, வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். நான் பாயைக் கொஞ்சம் இழுத்து, முன்சக்கரத்துக்கு இடம் விட்டேன்.